இருதயத்தின் ஓய்வு

"இருதயம் ஒரு கணமும் ஓய்வதில்லை, மனிதன் மட்டும் ஏன் ஓய்வை நாடுகிறான்?" சில ஆண்டுகளுக்கு முன் எங்கள் தோட்டத்து மன்றத்தில் பேசிய ஓர் அன்பர் இவ்வாறு வினவினார். கூடியிருந்தோர் கைதட்டினர், அவர்களுள் யானும் ஒருவன். பிறர் உழைப்பைக் கணக்கெழுதும் கிராணிக்கு அச்சொல் இனிக்காமல் வேறென் செய்யும்? அது மெய்தானா என்று நான் ஆராயவில்லை. ஆங்கிலப் பள்ளியில் உடற்கூறு பயின்றவன் நான். பயின்றதைத் தேர்வுத்தாளில் இறக்கி வைத்துவிட்டு வந்தவன்.

இருதயம் என்பது யாது? இரு நுரையீரல்களுக்கும் நடுவே, சற்றே இடப்புறம் சாய்ந்து கிடக்கும் ஒரு தசைப்பை. அவரவர் மூடிய கையளவினது. வளர்ந்தவர்க்கு ஏறக்குறைய 300 கிராம் எடை. மேலே இரண்டு அறைகள், கீழே இரண்டு. வலப்பக்கம் உடலைச் சுற்றிக் கறுத்துவந்த இரத்தத்தை நுரையீரலுக்கு அனுப்புகிறது. இடப்பக்கம் அங்கே பிராணவாயு பெற்றுத் திரும்பியதை உடலெங்கும் செலுத்துகிறது. இடையே ஒரு திசையில் மட்டும் திறக்கும் கதவுகள் உண்டு. இரத்தம் இவ்வாறு சுற்றி வருகிறதென்பதை 1628-ஆம் ஆண்டில் நூலெழுதி நிலைநாட்டியவர் இங்கிலாந்து வைத்தியர் வில்லியம் ஹார்வி. அவர் கையாண்ட கருவிகளுள் ஒன்று கணக்கு! ஒரு துடிப்பில் வெளியேறும் இரத்தத்தைக் குறைத்தே மதித்துப் பெருக்கிப் பார்த்தார். அரைமணி நேரத்தில் வெளிப்படுவது உடலிலுள்ள இரத்தம் முழுவதையும் விஞ்சியது. எனவே அதே இரத்தம்தான் திரும்பி வரவேண்டும். ஆயிரம் ஆண்டுகளுக்கு மேலாக வேதவாக்காய் நின்ற காலென் என்னும் பண்டை ஆசிரியரின் கூற்றை ஒரு பெருக்கல் அசைத்தது. கணக்கெழுதுவோர் சற்றே பெருமை கொள்ளலாம்.

நாமும் அவ்வழியே கணக்கிடுவோம். அமர்ந்திருப்பவனுக்கு நிமிஷத்துக்கு 75 துடிப்பெனில், ஒரு துடிப்புக்கு 0.8 விநாடி. அதில் கீழறைகள் சுருங்குவது சுமார் 0.3 விநாடி, எஞ்சிய 0.5 விநாடி தளர்ந்திருக்கின்றன. 24 மணி நேரத்துக்குப் பெருக்கினால், 9 மணி நேரம் உழைப்பு, 15 மணி நேரம் தளர்ச்சி!

தளர்ச்சியை ஓய்வென்று சொல்லலாமோ எனச் சிலர் கேட்கக்கூடும். கேட்கட்டும். அந்த அரை விநாடியில்தான் அறைகள் நிரம்புகின்றன. இருதயத் தசைக்குரிய இரத்தமும், சிறப்பாக இடப்புறத் தசைக்கு, பெரும்பாலும் அப்பொழுதே கிடைக்கிறது. சுருங்கும்போது தன் குழாய்களைத் தானே நெரித்துக்கொள்கிறதன்றோ! தன் கூலியை அது ஓய்வில்தான் பெறுகிறது. அன்றியும், ஒருமுறை சுருங்கியபின் சிறிது நேரம் எவ்வளவு தூண்டினும் அது மீண்டும் சுருங்காது. கைகால் தசை இடைவிடாத் தூண்டுதலால் விறைத்து நிற்கும். இருதயம் அவ்வாறு விறைப்பதற்கு இயற்கை இடந்தரவில்லை.

ஆகவே பேச்சாளர் கூறியது பிழை. ஆனால், இருதயம் மெய்யாகவே ஓயாததாக இருந்திருப்பின் அவர் முடிவு சரியாகிவிடுமோ? ஆகாது. உடலில் ஒன்று நிகழ்கிறது என்பதனாலேயே அது அறமாகிவிடாது. இருதயத்தைக் காட்டி ஓய்வை நியாயமாக்க முயல்வேனாயின், நானும் அவர் பிழையை மறுபுறமாகச் செய்தவனாவேன். என்னை உறுத்துவது வேறு. பிறருடைய ஓய்வைச் சோம்பல் என்று முடிவு கட்டுகிறோமே, அவர் மார்புக்குள் நடப்பதை நாம் எந்தக் கண்ணால் கண்டோம்?

களை வெட்டும் கூட்டத்தில் ஓர் அம்மையார். முற்பகலில் செம்பனை மரத்தடியில் உட்கார்ந்துவிடுவார். மண்டோர் சொன்னார், நான் அரைநாள் எழுதினேன். ஒருமுறையன்று, ஒரே மாதத்தில் நான்கு முறை. பின்னர் ஒருநாள் மூச்சு முட்டி விழுந்தவரை நகரத்து ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம். சிறுவயதில் தொண்டை நோவுக்குப் பின் வந்த மூட்டுக் காய்ச்சல், இடப்பக்கத்து மேலறைக்கும் கீழறைக்கும் இடையிலுள்ள கதவைத் தடிக்கச் செய்து வழியைக் குறுக்கியிருந்தது. துடிப்பு விரையும்போது பெரிதும் குறைவது அந்தத் தளர்ச்சி நேரமே. வழி குறுகியவருக்கு அந்நேரத்துக்குள் இரத்தம் கீழிறங்காது; பின்னே தேங்கி நுரையீரலை அழுத்தும். உட்கார்ந்தால் துடிப்புத் தணியும், இரத்தம் இறங்கும். அவர் மரத்தடியில் செய்தது அதுவே. டாக்டர் ஒரு தாளில் படம் வரைந்து காட்டியபோது எனக்குப் பள்ளிப்பாடம் நினைவுக்கு வந்தது.

கணக்கைத் திருத்தலாமா என்று ஆபீசில் கேட்டேன். மாதம் முடிந்துவிட்டது என்றார்கள். நான்கு அரைநாள் கூலியை என் சம்பளத்திலிருந்து எடுத்துக்கொண்டு அவர் வீட்டுக்குச் சென்றேன். அவர் பணத்தைத் தொடவில்லை.

"உட்கார்ந்து இருந்ததுக்குக் கூலியா, ஐயா?" என்றார். அன்று மன்றத்தில் அவரும் இருந்தாராம், கைதட்டினாராம்.