ஒளி தொட்ட மேனி

நெய்யாற்றின்கரைக் கிருஷ்ணசுவாமி கோயில் வளாகத்தில், ஊரார் அம்மச்சிப் பிலாவு என்று வழங்கும் பட்டுப்போன மரமொன்றின் அடித்தூர் இன்றும் காக்கப்பட்டு நிற்கிறது. பகைவர் துரத்திவந்த நாளில் இளவரசர் மார்த்தாண்ட வர்மர் அதன் பொந்தில் ஒளிந்து உயிர் பிழைத்தார் என்பது ஐதிகம். அதைக் களைந்துவிட்டு நல்ல கன்றொன்றை நடலாமே என்று ஒருவரும் சொல்லக் கேட்டதில்லை. பாறசாலையிலிருந்து அங்கே செல்லுந்தோறும், அவரை மூடிக் காத்த மரம் இதுவே என்ற நினைவில்தான் என் கைகள் குவிகின்றன.

ஆனால் அவரே பின்னர் மன்னராகி, 1686-இல் தீக்கிரையான திருவனந்தபுரத்துப் பத்மநாபர் ஆலயத்தைப் புதுக்கியபோது, 12,008 சாளக்கிராமங்களை உள்ளடக்கிக் கடுசர்க்கரை என்னும் கலவையால் புதிய திருமேனி சமைப்பித்தார். பண்டைய மேனி இலுப்பை மரத்தாலானது என்பர். அது போயிற்றே, இவர் வேறு பெருமாளோ என்று பக்தர் எவரும் ஐயுறவில்லை. பழுதுற்ற மேனியைப் புதுக்கும் ஜீர்ணோத்தாரணத்தில் தெய்வ சாந்நித்தியத்தைக் கும்பத்தில் ஆவாகனம் செய்து, புதுமேனியில் மீண்டும் எழுந்தருளச் செய்யும் நம் மரபு அறிந்ததே. தெய்வத்துக்குப் பொருந்தும் இந்த மாற்றம் மரத்துக்கு மட்டும் ஏன் பொருந்தவில்லை?

இந்த வினா என்னைப் பற்றிக்கொண்டது, புதுப்பிக்கப்பட்ட பழைய பிரிட்டிஷ் படங்களின் புளூரே தட்டுகளைச் சேர்க்கத் தொடங்கிய பிறகுதான். பவலும் பிரஸ்பர்கரும் 1948-இல் அளித்த ‘தி ரெட் ஷூஸ்’ படத்தின் மூன்று வண்ண நெகடிவ்களும் பூஞ்சணம் படர்ந்து, சுருங்கி, ஒன்றோடொன்று இசையாத நிலையிலிருந்து மீட்கப்பட, 2009-இல் படம் மீண்டும் வெளிவந்தது. அழுக்கை நீக்கினார்களேயன்றி, அதன் நாயகியான நடனமாதின் முகத்தை எவரும் புதிதாக வரையவில்லை. ‘டாக்டர் ஹூ’ தொலைக்காட்சித் தொடரின் கதி வேறு: பி.பி.சி. தன் பழைய நாடாக்களை அழித்துவிட, நேயர்கள் வீட்டிலிருந்து பதிந்துவைத்த ஒலி மட்டுமே பல பகுதிகளுக்கு எஞ்சியது. அந்த ஒலிக்கு இப்போது அசையும் சித்திரங்களை வரைந்து சேர்த்துத் தட்டாக்குகிறார்கள். அவற்றை நான் கண்ணை மூடிக்கொண்டே கேட்கிறேன். குரல் நடிகருடையது, உருவமோ பிறர் கற்பித்தது.

நம் பக்கத்துக் கதையும் உண்டு. 1933-இல் எடுத்த ‘மார்த்தாண்ட வர்மா’ ஊமைப்படம், அதற்கு மூலமான நாவலின் உரிமை பற்றிய வழக்கால் முடங்கி, புத்தக நிலையமொன்றில் பல்லாண்டு கிடந்து, பின்னர் பூனா திரைப்பட ஆவணக் காப்பகத்தை அடைந்தது. வழக்கே அதற்குப் பொந்தாயிற்று. அதற்கு முன்னர் அகஸ்தீஸ்வரத்து ஜே. சி. டேனியல் எடுத்த ‘விகதகுமாரன்’ படத்துக்கு அந்தப் பேறு இல்லை. அதில் நாயர்குலப் பெண்ணாக நடித்த பி. கே. ரோசி அம்மையாரை, அவர் தாழ்த்தப்பட்ட குலத்தவர் என்ற ஒரே காரணத்துக்காக வெகுண்ட கூட்டம் ஊரைவிட்டே துரத்தியது. படத்தின் ஒரு சுருளும் இன்று இல்லை. 2013-இல் ‘செல்லுலாய்ட்’ என்ற படம் அந்த வரலாற்றைச் சொன்னது, நான் நெகிழ்ந்தேன், ஆயினும் திரையில் ரோசியாக இருந்தவர் வேறொரு நடிகை.

பிறப்பற்ற பரம்பொருளை எந்த மேனியிலும் அழைக்கலாம். ரோசி அம்மையாரோ ஒருமுறை பிறந்தவர். அவர் முகத்தில் பட்டு மீண்ட வெயில், அன்று அந்தச் சுருளின் வெள்ளி உப்பை ஒரே ஒரு முறை தொட்டது. அதுவும் ஊமைப்படமாகையால், வீட்டிலிருந்து குரலையாவது பதிந்துவைக்க எவருக்கும் வழியிருக்கவில்லை.