நாகலிங்கமும் நாமும்

நாகலிங்கப் பூவை எம்மவர்க்கு விளக்கத் தேவையில்லை. அடிமரத்திலேயே பூக்கும், ஆறு தடித்த இதழ்கள், நடுவில் சிறு மேடு, அதன்மேல் வளைந்து கவியும் படம். கோயில் வீதியில் பொறுக்கி, "பார், பாம்பு" என்று தங்கச்சிமாருக்குக் காட்டியவர்கள் நாம்.

ஒருநாள் குசினியில் இதுபற்றி வாக்குவாதம் எழுந்தது. புத்தர் பரிநிர்வாணமடைந்தது இரு சால மரங்களிடையே என்பர். நாகலிங்கத்தையே 'சல்' என்றழைத்துச் சிங்கள மக்கள் விகாரைகளில் வளர்க்கிறார்கள். நடுமேடு அவர்களுக்குத் தாதுகோபம். "மரத்தையும் பறிச்சிட்டாங்கள்" என்றான் எம்மில் ஒருவன். தலையாட்டினோம். சால மரம் வேறு என்பது உண்மைதான். ஆனால் நாகலிங்கம் எமதுமன்று, தென்னமெரிக்காவிலிருந்து வந்தது. 1775இல் ஒப்லே என்ற பிரெஞ்சுக்காரர், கயானா மக்கள் வழங்கிய பெயரையொட்டிக் 'கூருபீட்டா' என்று பதிந்தார். (அவர்களிடம் இந்த மரியாதை அபூர்வம்.) பிற ஐரோப்பியர் காயைப் பார்த்துப் பீரங்கிக்குண்டு மரம் என்றனர். குண்டோடு போனவர்களுக்குக் குண்டு தெரிந்திருக்கிறது.

சாயல் கண்டு பெயரிடுவது அபகரிப்பா? எமது முதலாளி எம் மூவரையும் ஒரே பெயரால்தான் கூப்பிடுகிறார். எமக்குமுன் கோப்பை கழுவிப் போனவனின் பெயர் அது. நாங்கள் அவன் சாயலாம். கோபம் வரும், ஆனாலும் திரும்பிப் பார்ப்போம். அந்த மரத்துக்கு நாமும் முதலாளிதானே? பாம்பைக் கண்டதால்தான் அந்நிய மரத்துக்குக் கோயில் முற்றத்தில் இடம் கிடைத்தது என்று வாதிடலாம். அதே நியாயத்தை முதலாளிக்கு வழங்க மனம் வரவில்லை. கூப்பிட்டால் மரம் திரும்பிப் பார்க்க வேண்டியதில்லை.

பாதியில் விட்ட தாவரவியல் இங்கே உதவுகிறது. அந்தப் படத்திலுள்ள மகரந்தம் முளைக்காது. அது வண்டுகளுக்கான தீன். வண்டு அதைத் தின்னும்போது கீழ் வளையத்தின் நல்ல மகரந்தம் அதன் முதுகில் ஒட்டுகிறது. பாம்பென்று நாம் கும்பிட்டது சாப்பாடு பரிமாறும் இடத்தை!

எம்மோடு கோப்பை கழுவும் கயானாக்காரரிடம் பூவின் புகைப்படத்தைக் காட்டினோம். மரத்தை உடனே அடையாளம் கண்டார். "பாம்பு எங்கே?" என்று கேட்டார். விரலால் தொட்டுக் காட்டினோம். நெடுநேரம் பார்த்தார். "கெடுத்துவிட்டீர்கள். இனி எனக்கும் பாம்புதான் தெரியும்" என்று சிரித்துவிட்டுத் தட்டுகளிடம் திரும்பினார்.