தெரிந்த பிறகு

கோடைக்காகக் கொடைக்கானலில் ஒரு சிறு வீட்டை வாடகைக்குப் பிடித்து இரண்டு வாரம் தங்கியிருந்தேன். கீழே மதுரையை அக்கினி நட்சத்திரம் வறுத்துக்கொண்டிருந்த மே மாதம் அது. சுமார் 7,000 அடி உயரத்திலுள்ள அந்த ஊரில் மே மாதத்துக் காலைகூடச் சில நாள் மூடுபனியோடுதான் விடிகிறது.

வந்த முதல் நாள் தோட்டத்தில் நடக்கும்போது முகத்தில் ஏதோ ஒட்டியது. சிலந்தி வலை! எரிச்சலோடு துடைத்துக்கொண்டேன். தோட்டக்காரப் பெரியவரைக் கூப்பிட்டு, "எங்கே பார்த்தாலும் ஒட்டடையாக இருக்கிறதே, தினம் காலையில் அடித்துவிடுங்கள்" என்றேன். "ஆகட்டுங்க" என்றார். அத்துடன் அதை மறந்துவிட்டேன்.

ஐந்தாம் நாள் விடியலில் கதவைத் திறந்தால் எதிர் மலையைக் காணோம், தெருவைக் காணோம். வேலி வரைக்கும்தான் உலகம். அந்தச் சின்ன உலகத்தில், பேரி மரத்திலிருந்து வேலிக்கும், வேலியிலிருந்து ரோஜாச் செடிக்குமாக எத்தனை வலைகள்! இருபது வரை எண்ணி விட்டுவிட்டேன். ஒவ்வோர் இழையிலும் நீர்த்துளிகள் கோத்திருந்தன. தூரத்தை மறைத்த பனி, பக்கத்தில் இருப்பதைக் காட்டிக்கொண்டிருந்தது.

இந்த வட்ட வலை பின்னும் சிலந்திக்குக் கண் எட்டு. பார்வையோ மிகக் குறைவு. இழையின் அதிர்வைக் காலால் உணர்ந்துதான் அது உலகத்தை அறிகிறது. நடுவிலிருந்து பிரியும் ஆரக்கால் இழைகளில் பசை இல்லை. சுற்றி வரும் இழையில்தான் பசை. இவற்றில் பல, பழைய வலையைத் தானே தின்றுவிட்டு, இரவோடு இரவாகப் புதியதைப் பின்னுகின்றன. தின்ற இழையே மறுபடி இழையாகிறது. அப்படியானால் நான் அடிக்கச் சொன்னது ஓர் இரவின் உழைப்பை மட்டுமல்ல. மறுநாள் தொழிலுக்கான முதலையும் சேர்த்துத்தான்.

பெரியவர் கம்போடு வந்தார்.

"வேண்டாம், விட்டுவிடுங்கள்" என்றேன்.

"நீங்கதானே ஐயா அடிக்கச் சொன்னீங்க?"

"இன்றைக்கு எவ்வளவு அழகாக இருக்கிறது, பாருங்கள்!"

"நேத்தும் இருந்துச்சுங்க" என்றார் அவர்.

அவர் குத்திக் காட்டச் சொல்லவில்லை. ஆனாலும் குத்தியது.

திருவானைக்கா கதை நமக்குத் தெரியும். இறைவன் மேல் சருகு விழாமலிருக்கச் சிலந்தி பந்தல் போட்டது. பூசைக்கு வந்த யானை அதை அழுக்கென்று நினைத்து அழித்தது. கடைசியில் இரண்டுமே மாண்டன. சிலந்தி கோச்செங்கட் சோழனாகப் பிறந்தது என்கிறது புராணம். யானையைக் குற்றம் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. அதுவும் பக்தியோடுதான் வந்தது. மற்றொன்றின் பக்தி அதற்குக் குப்பையாகத் தெரிந்தது. தெரியாமல் செய்தது என்று முதல் நான்கு நாள் கணக்கை நானும் அப்படியே தள்ளிவிடலாம்.

ஐந்தாம் நாள் கணக்கை என்ன செய்வது? நான் ஏன் "வேண்டாம்" என்றேன்? அழகாக இருந்ததால். அழகைக் கொடுத்துத்தான் என்னிடம் இரக்கத்தை வாங்க வேண்டுமென்றால், அழகில்லாத உயிருக்கு என்ன வழி? இந்தப் பெரியவர் ஐந்து நாளாக எனக்கு வெந்நீர் போட்டுக் கொடுத்தவர். அவர் பெயரை அன்றைக்குத்தான் கேட்டேன்.

அப்போது ஒரு விட்டில் வலையில் சிக்கித் துடித்தது. என் கை தானாக நீண்டது, பாதியில் நின்றது. விட்டிலை விடுவித்தால் சிலந்தி பட்டினி. விடாவிட்டால் விட்டில் சாகும். அழகென்று நான் ரசித்தது ஒரு தூக்குக் கயிறும் அல்லவா? கையை இழுத்துக்கொண்டேன். அதுதான் தர்மம் என்று சாதிக்க நான் தயாரில்லை. ஆனால் ஒன்று விளங்கியது. சிலந்தி பசிக்காகக் கொல்லுகிறது. நான் கம்பை எடுக்கச் சொன்னது, முகத்தில் ஒட்டிய ஒரு நொடி எரிச்சலுக்காக. இரண்டையும் ஒரே தராசில் வைக்க முடியாது.

எட்டு மணிக்கு வெயில் வந்தது. மலை திரும்பி வந்தது, வலைகள் மறைந்தன. அங்கேதான் இருந்தன என்று எனக்குத் தெரியும், கண்ணுக்குத்தான் அகப்படவில்லை. கடைத்தெருவுக்குப் போக அந்தப் பேரி மரத்தடியைத் தாண்டியாக வேண்டும். ஒன்றும் தெரியாத அந்த இடத்தில் தலையைக் குனிந்துகொண்டு போனேன்.

யாராவது பார்த்திருந்தால் சிரித்திருப்பார்கள். பெரியவர் மட்டும் பார்த்தார். சிரிக்கவில்லை.