சிக்கனமும் பற்றும்

உலகப் பற்றைக் குறைத்துக்கொள்ள வேண்டிய வயோதிகப் பருவத்தில், ஆளில்லாத அறையின் விளக்கை அணைத்தும், அரிசி களைந்த நீரைக் கீரைப் பாத்திக்கு ஊற்றியும், பழைய வேட்டியைக் கிழித்துக் கைத்துணியாக்கியும் காசைக் காக்கும் ஒருவர் லோபியாகிறாரா என்ற சந்தேகம் எழுவது இயல்பே. பொருளைத் தனக்கென்று பூட்டி வைப்பது லோபம். வீணாக்க மனமில்லாமை தர்மத்தின் பாற்பட்டது என்பதே என் துணிபு. காஞ்சிப் பெரியவர் சந்திரசேகரேந்திர சரஸ்வதி சுவாமிகள், உலையிலிடுமுன் நாள்தோறும் ஒரு பிடி அரிசியை அன்னதானத்துக்கென எடுத்து வைக்கும்படி இல்லத்தரசிகளை வேண்டியபோது, சேமிப்பையும் தியாகத்தையும் ஒரே செயலாக்கினார். 1867-இல் வள்ளலார் வடலூரில் தொடங்கிய தருமசாலை இன்றும் பசித்தோர்க்குச் சோறிடுவது அன்பர்கள் தரும் அரிசியையும் பருப்பையும் கொண்டன்றோ? ஆயினும், மருந்தைப் பாதியாக்கியும் இராப்போஜனத்தை விலக்கியும் பிள்ளைகளுக்குப் பணம் சேர்க்கும் முதியோரின் சிக்கனத்தை, அதன் பின்னுள்ள பாசத்தை உணர்ந்தும், என்னால் தர்மமென்று ஒப்புக்கொள்ள இயலவில்லை.