பலர்பாலும் ஒருவரும்

உயர்திணையை ஆண்பால், பெண்பால், பலர்பால் என மூன்றாக வகுத்தனர் நம் இலக்கண ஆசிரியர். பலர்பாலுக்குரிய சொல்லால் ஒருவரை உயர்த்திக் கூறுவது வழக்கினால் வந்த மரியாதையே என்பதைத் தொல்காப்பியர் அன்றே குறித்து வைத்தார். அவ்வழக்கின் பயனாக, ‘ஆசிரியர் வந்தார்’ என்னும் தொடர் வந்தவர் ஆணா பெண்ணா என்பதை உரைப்பதில்லை. ஒருமைக்கு வழங்கும் பொதுவான பதிற்பெயரை ஆங்கிலத்தார் இன்று பெரிதும் விவாதிக்கின்றனர். 2019 இல் மெரியம்-வெப்ஸ்டர் அகராதி அத்தகைய சொல்லையே ஆண்டின் சொல்லாகத் தெரிவு செய்தது. ‘அவர்’ என்னும் சொல் நம்மிடம் என்றோ உண்டு என நம்மவர் பெருமை கொள்வர். நானும் கொண்டிருந்தேன். அப்பெருமை குலைந்த இடம் ஓட்டமாவடியில் என் சாச்சி வீட்டு விறாந்தை.

விடுமுறைக்கு ஊர் சென்றிருந்த எனக்கு, பல்கலைக்கழகத்துப் பிள்ளை என்ற காரணத்தால், மாதர் சங்கத்தின் எழுத்து வேலைகள் வந்து சேர்ந்தன. முதலில், வாழ்வாதார உதவிக்கான படிவங்களை நிரப்ப வேண்டியிருந்தது. ‘குடும்பத் தலைவர்’ என்ற இடத்தில் பெண்கள் யாவரும் தத்தம் கணவர் பெயரையே கூறினர். வெளிநாடு சென்று பல்லாண்டுகளாய்த் தகவலற்றுப் போன ஒருவரின் பெயரும் அவற்றுள் இருந்தது. மூத்த பெண்மணி ஒருத்தி மாத்திரம், “வீடு என்ட பேரில, கடன் என்ட பேரில. தலைவர் மட்டும் அவரா மகள்?” என்று கேட்டார். எல்லோரும் சிரித்தனர். நானும் சிரித்துக்கொண்டே கணவரின் பெயரை எழுதினேன்.

அது சிரிப்புக்குரிய கேள்வி அன்று. மகளுக்கு வீடு கொடுத்து மணமுடிப்பதும், மணமகன் அவ்வீட்டிற்கு வந்து வாழ்வதும் கிழக்கிலங்கையில் தமிழருக்கும் முஸ்லிம்களுக்கும் பொதுவான நெடுநாள் வழக்கு. வீட்டுக்கு உரியவள் பெண்ணே. ஆயினும் 2004 டிசெம்பர் 26 ஆழிப்பேரலையின் பின் கட்டிக் கொடுக்கப்பட்ட வீடுகள் பல, ‘குடும்பத் தலைவர்’ என்ற சொல்லின் வழியே ஆண்களுக்கு எழுதப்பட்டன. தாய்வழி வந்த வளவை இழந்தவள் பெண். ஈடாகக் கிடைத்த வீட்டுக்கு உரியவன் கணவன். அரச காணிகளின் நிலையும் இதற்கு வேறாக இருக்கவில்லை. 1935 ஆம் ஆண்டின் காணி அபிவிருத்திக் கட்டளைச் சட்டம் வழியுரிமை வரிசையில் மகளுக்கு முன் மகனை வைத்தது. 2022 ஆம் ஆண்டுத் திருத்தம் வரை அது நீடித்தது. சட்டம் மகன் என்று வெளிப்படவே கூறியதால் அதனோடு வழக்காட முடிந்தது. ‘தலைவர்’ என்னும் சொல்லிலோ பெண்ணை விலக்கும் எழுத்து ஒன்றேனும் இல்லை. ‘தலைவன்’ என்று அச்சிட்டிருப்பின் சண்டையிட்டிருக்கலாம். மரியாதை விகுதி அச்சண்டைக்கும் இடம் வைக்கவில்லை.

இரண்டாவது பிழை முழுவதும் என்னுடையது. அச்சங்கத்திற்கு நெடுங்காலமாய் வந்து போகும் ஒருவர் உண்டு. ஆணாய்ப் பிறந்தார் என ஊர் அறியும். பெண்ணாய் வாழ்கிறார் என்பதையும் அறியும். கலியாண வீடுகளில் பெண்கள் பக்கத்துச் சமையல் அவர் கையில். ‘அது வருகுது’ என்று முதுகுக்குப் பின்னால் பேசுவோர் உளர். அவ்வாறு அஃறிணையாக்குவது எனக்குக் கூசியது. எனவே கூட்டறிக்கையில் மிகுந்த கவனத்தோடு, “சமூகமளித்தோர்: பெண்கள் 22, மற்றும் ஒருவர். அவர் சமையற் பொறுப்பை ஏற்றார்” என்று எழுதினேன். அடுத்த கூட்டத்தில் அதனை உரத்து வாசித்தபோது விறாந்தை அமைதியாயிற்று.

“சின்னதில ராத்தா எண்டு கூப்பிட்ட வாய்தானே தங்கச்சி?” என்றார் அவர்.

என் செவிக்கு அப்போதுதான் உறைத்தது. எங்கள் ஊர்ப் பேச்சில் மரியாதைக்குரிய பெண் ‘அவ’. ‘அவர்’ என்றால் ஆண். மனைவியர் கணவனைச் சுட்டும் சொல்லும் அதுவே. ஏட்டில் இருபாலுக்கும் பொதுவான ‘அவர்’, கூட்டத்தில் அமர்ந்திருந்தோர் செவியில் அந்த மனிதரை ஆணாக்கிற்று. ‘மற்றும் ஒருவர்’ என்பது அவரைப் பாய்க்கு வெளியே இருத்திற்று.

பேடி என்னும் பெயருக்கெனத் தனி ஈறு இல்லை. உயர்திணை ஈறுகளையே அது கொள்ளும் என்பது தொல்காப்பியம். நன்னூலார் அவரவர் அவாவை நோக்கிப் பால் வகுத்தார்; கூடவே அஃறிணைபோல் வழங்கவும் இடமளித்தார் என்பது வருந்தத்தக்கது. அண்மைக் காலத்தில் தமிழ்நாட்டில் அரவாணி என்ற சொல் வழங்கி, அதனைத் திருநங்கை என்ற சொல் பின்தள்ளிற்று. உயர் நீதிமன்ற வழக்கொன்றின் தொடர்ச்சியாக 2022 இல் அரசே சொற்பட்டியல் வெளியிட்டது. இலங்கையில் சுகாதார அமைச்சின் 2016 ஆம் ஆண்டுச் சுற்றறிக்கை பால்நிலை அங்கீகாரச் சான்றிதழுக்கு வழி செய்தது. இவை யாவும் வேண்டியவையே. ‘திருநங்கை’ என்ற சொல்லை நானும் அறிவேன். எனினும் ராத்தா தம்மைப் பற்றி அச்சொல்லை வழங்கி நான் கேட்டதில்லை. கேட்டறியாத பெயரைச் சூட்ட எனக்கு உரிமை உண்டா? ஆறு வயதில் இயல்பாய் வந்த சொல்லை விட்டு, படித்த பின் பொதுச்சொல் தேடினேனே, அதற்கு என்ன பெயர்? (இக்கட்டுரையிலும் ‘அவர்’ என்றே எழுதி வந்திருக்கிறேன். ஏட்டுத் தமிழில் சாச்சியும் எனக்கு ‘அவர்’ தான் என்பதொன்றே இதற்குச் சமாதானம்.)

எல்லோரும் உடன்பட்டனர் எனக் கூறின் பொய்யாகும். பெண்கள் மறைவாய்க் கூடும் இடம் அது. முந்தானையைத் தளர்த்தி, வீட்டுத் துயரை வாய்விட்டுச் சொல்லும் ஒரே இடம் சிலருக்கு. அதன் எல்லையை யார் வகுப்பது என்று ஒருவர் கேட்டார். வெறுப்பால் கேட்டதாக எனக்குத் தோன்றவில்லை. “இவ்வளவு காலமும் பக்கத்தில இருந்தவதானே, எழுத்தில வந்தாத்தான் வில்லங்கமா?” என்றார் சாச்சி. அதற்கு அவர் மறுமொழி கூறவில்லை.

அவ்வரியை வெட்டி, “பெண்கள் 23” என்று திருத்தி எழுதினேன். ராத்தா தம் பெயருக்கு நேரே ஒப்பமிட்டார். வினாவெழுப்பிய பெண்மணி அதன்பின் கூட்டங்களுக்கு வருவதில்லை. அவருடைய சேமிப்புப் பணம் மாத்திரம் பேத்தியின் கையில் தவறாது வந்து சேர்கிறது.