கரணையும் கணக்கும்

கட்டடப் பொறியியல் பயில இளைஞன் ஒருவனுக்குக் கல்லூரியில் இடம் கிடைக்கிறது. உற்றார் வருகின்றனர், ஊரார் வாழ்த்துகின்றனர். அந்த வாழ்த்துகளுக்கிடையே ஒரு குரல் தவறாமல் ஒலிக்கிறது: “இனி நீ வெயிலில் வேக வேண்டியதில்லை, வேகிறவர்களிடம் வேலை வாங்கலாம்!”

அன்பிலே பிறந்த வாழ்த்துத்தான். ஆனால் அந்த அன்புக்குள்ளே நச்சு விதை ஒன்று உறங்குகிறது. படிப்பென்பது உழைப்பை விட்டு ஓடும் வழி. ஓடியவன் உயர்ந்தோன், ஓடாது நின்றவன் தாழ்ந்தோன் என்று அது சொல்லாமற் சொல்கிறது. வீடு கட்டக் கற்கப் புறப்பட்டவனின் நெஞ்சிலே முதல் நாளே ஒரு சுவரை எழுப்பிவிடுகிறது! அந்தச் சுவர் அறத்துக்கு ஏற்றதா என்பதே நாம் எழுப்பும் கேள்வி.

கல்லூரியைக் குறை கூறுவது நம் நோக்கமன்று. 1794இல் சென்னையில் நில அளவைப் பள்ளியாகத் தோன்றி, 1859இல் கட்டடப் பொறியியல் கல்லூரியாக வளர்ந்தது இன்றைய கிண்டிப் பொறியியல் கல்லூரி. ஆள வந்தோர் தம் தேவைக்காகவே அதனைத் தொடங்கினர் என்பது மெய். எனினும் அதிலே ஒரு புரட்சி புதைந்திருந்தது. தந்தை மகனுக்கு மட்டும் ஓதிய அளவுகளும், குடும்பத்துக்குள் பூட்டி வைக்கப்பட்ட நுணுக்கங்களும், கரும்பலகையிலே அனைவர் கண்முன்னும் எழுதப்படலாயின. அங்கே 1940களில் கட்டடப் பொறியியல் பயின்ற பி. கே. திரேசியா என்ற பெண்மணி, 1971இல் கேரளப் பொதுப்பணித் துறையின் தலைமைப் பொறியாளரானார். பிறப்பு பூட்டிய கதவைப் படிப்பு திறந்தது! அப்படித் திறந்த கதவுக்குள் நுழைந்தவனே, உள்ளே சென்றதும் பின்னால் வருபவன் முகத்தில் அதை அறைந்து மூடலாமா?

“வேலையைப் பகிர்ந்து செய்வதுதானே நாகரிகம்? பொறியாளன் கல் சுமந்தால் கணக்கை யார் போடுவது?” என்று கேட்பர். நல்ல கேள்வி. வேலையைப் பிரியுங்கள், வேண்டாமென்று யார் சொன்னது? வேலையைப் பிரிக்கும்போது மதிப்பையும் சேர்த்துப் பிரிக்கிறீர்களே, அங்கேதான் தகராறு. அது கேடான பழக்கம் மட்டுமன்று, கட்டடத்துக்கே கேடு. எப்படி?

கான்கிரீட்டைப் பாருங்கள். எம் 20 என்று குறிக்கப்படும் கலவை, 28 நாட்களுக்குப் பின் சதுர மில்லிமீட்டருக்கு 20 நியூட்டன் அழுத்தத்தைத் தாங்க வேண்டும் என்று மாணவன் படிக்கிறான். சிமெண்டு இறுகுவதற்கு வேண்டிய நீர் சிறிதே. அளவுக்கு மிஞ்சி ஊற்றிய நீர் உலர்ந்து வெளியேறுகையில் நுண்துளைகளை விட்டுச் செல்கிறது, வலிமை குன்றுகிறது. இதைத் தேர்வுத் தாளில் எழுதி அவன் மதிப்பெண்ணும் பெறுகிறான்.

இனி வேலைத்தளத்துக்கு வாருங்கள். உச்சி வெயில். கலவை விறைத்து நிற்கிறது. கரணை நகர மறுக்கிறது. கம்பிகளுக்கிடையே ஜல்லி இறங்கவில்லை. கொத்தனார் இன்னொரு வாளித் தண்ணீர் கேட்கிறார். அறியாமையாலா? கலவை கம்பியைச் சூழாவிட்டால் உள்ளே பொந்து விழும் என்பதைக் கைப்பழக்கத்தால் அறிந்தே கேட்கிறார். நீர் மிகுந்தால் வலிமை போகும் என்பது பொறியாளன் அறிவு; கலவை இறங்காவிட்டாலும் வலிமை போகும் என்பது கொத்தனார் அறிவு. இரண்டும் உண்மை! இரண்டும் கலந்து பேசினால் கலவையின் அளவைத் திருத்தலாம், ஜல்லியின் பருமனைக் குறைக்கலாம். பேசாவிட்டால்? பொறியாளன் அதட்டிவிட்டு அகல்வான். அவன் தலை மறைந்ததும் வாளி கவிழும். மேற்பூச்சு அனைத்தையும் மூடிவிடும். கணக்கும் சரியாக இருக்கும், கையொப்பமும் சரியாக இருக்கும், தூண் மட்டும் நலிந்து நிற்கும்!

கட்டடத் தொழிலின் அறம் இங்கேதான் கடினமாகிறது. அழுகிய காய்கறியை வாங்குவோர் கண்டுபிடிப்பர். சுவருக்குள் இருக்கும் பிழையைக் குடியிருப்போர் காண முடியாது. அதனாலேயே பழைய பாபிலோனில் ஹம்முராபி கொடிய சட்டம் செய்தான்: வீடு இடிந்து உரிமையாளன் மாண்டால், கட்டியவனுக்கு மரணம். ஆனால் அதே சட்டம், மாண்டவன் அடிமையாயின் மற்றோர் அடிமையைக் கொடுத்தால் போதும் என்றது! இடிந்து விழும் சுவர் ஆண்டான் அடிமை பார்ப்பதில்லை. மனிதன் எழுதிய சட்டம் பார்த்தது.

நாம் அந்தக் காலத்தைக் கடந்துவிட்டோமா? 2014ஆம் ஆண்டு ஜூன் 28 அன்று, சென்னையை அடுத்த மௌலிவாக்கத்தில், கட்டி முடியாத 11 மாடிக் கட்டடம் சரிந்து 61 உயிர்கள் மாண்டன. பிழைக்க வழி தேடி வெளி மாநிலங்களிலிருந்து வந்த கட்டடத் தொழிலாளர்கள் அவர்களுள் பலர். கட்டும்போதே சரியும் கட்டடம் முதலில் பலி கொள்வது, அதை எழுப்பிய கைகளை! தன் உயிரையே அடியில் வைத்து வேலை செய்பவனுக்கு, “இது சரியில்லை, நிறுத்துங்கள்” என்று சொல்லும் உரிமை வேண்டாமா? சொன்னால் காது கொடுப்போர் வேண்டாமா?

காது கொடுத்தவர் ஒருவர் உண்டு. இங்கிலாந்தின் பர்மிங்காமில் கட்டடக் கலை பயின்று, 1945இல் இந்தியா வந்தவர் லாரி பேக்கர். இமயமலைப் பகுதியான பித்தோராகட்டில் வாழ்ந்தபோது, தாம் கற்ற கல்வி அங்குள்ள கல்லுக்கும் மண்ணுக்கும் போதாதென்று கண்டார். ஊரார் வழிவழியாகக் கட்டிய முறையை அவர்களிடமே பயின்றார். பின்னர் கேரளத்தில், செங்கல்லை நிறுத்தி வைத்து நடுவே வெற்றிடம் விடும் எலிப்பொறிக் கட்டினைப் பரப்பி, ஏறத்தாழக் காற்பங்கு செங்கல்லை மிச்சப்படுத்தினார். எளியோர் வீட்டுச் செலவு குறைந்தது. தொழிலாளியிடம் கற்றதால் அவர் பெருமை குன்றியதா?

இன்னொரு சுவரும் இருக்கிறது. சித்தாளாகச் சேரும் பெண் இருபது ஆண்டுகள் கலவை சுமந்தாலும், அவள் கைக்குக் கரணை வருவது அரிது. அவளருகே நாலாண்டு நின்ற ஆண் கொத்தனாராகி விடுகிறான்! தலைமைப் பொறியாளராகப் பெண் அமர முடியுமென்று 1971லேயே மெய்ப்பிக்கப்பட்ட மண்ணிலே, கரணை பிடிக்க மட்டும் பெண்ணுக்குக் கை இல்லையா?

கட்டடம் கற்கச் செல்லும் இளைஞர்காள்! கணக்கைக் கசடறக் கற்றுக்கொள்ளுங்கள். அது இன்றிக் கூரை நில்லாது. கற்கும் காலத்திலேயே ஒரு முறையேனும் கரணை பிடியுங்கள், தூக்குக்குண்டு விட்டுச் சுவரின் நேர்மை பாருங்கள், கலவை தூக்கி ஏணி ஏறுங்கள். பின்னாளில் வேலைத்தளத்தில் நின்று ஆணையிடுமுன், “உங்களுக்கு இதில் என்ன தோன்றுகிறது?” என்று மூத்த கொத்தனாரையும் சித்தாளையும் கேளுங்கள். அந்தக் கேள்விக்குச் செலவு ஒரு நொடி. கேட்காமல் விட்டதற்கான செலவை, யாரென்று நீங்கள் அறியாத ஒரு குடும்பம், நீங்கள் கட்டிய கூரையின் கீழ் உறங்கும் ஓர் இரவிலே கொடுக்க நேரும்.