எவர் கை நட்ட செடி?

பெங்களூரிலும் மும்பையிலும் டெல்லியிலும் அடுக்குமாடிக் குடியிருப்புகளைக் கீழிருந்து அண்ணாந்து நோக்கினால், துணி காயும் கொடிகளுக்கு நடுவே சிறிது பசுமை தென்படும். பைகளில் தக்காளி, பழைய வாளியில் கறிவேப்பிலை, தட்டையான தொட்டியில் வெந்தயக்கீரை. உள்ளே சமையலறையிலோ வீட்டில் போட்ட ஊறுகாய், வீட்டில் வறுத்து அரைத்த சாம்பார்ப் பொடி, குளியலறையில் சீயக்காய். 2020-ஆம் ஆண்டின் பொதுமுடக்க நாட்களில் பல இல்லங்களில் தொடங்கிய இப்பழக்கம் சிலவற்றில் வேரூன்றியது. வேறு பலவற்றில் காய்ந்த மண்ணும் வெற்றுத் தொட்டிகளுமாக எஞ்சியது.

இதனைக் குறித்து இருவகைக் கருத்துகள் வழங்குகின்றன. தன் கையால் விளைவித்ததை உண்பதும், தன் வீட்டில் செய்ததைப் பயன்படுத்துவதும் தூய வாழ்வின் இலக்கணம் என்பர் ஒரு சாரார். கணவன் மனைவி இருவரும் பொருளீட்டச் செல்லும் குடும்பத்தில், தெருமுனைக் கடையில் கிடைக்கும் ஒரு கட்டுக் கீரைக்காக ஒரு மாதம் நீரூற்றிக் காத்திருப்பது வீண் என்பர் மறுசாரார். நேரம் அரியது என்பதில் இரு சாராரும் ஒத்துப்போகின்றனர். அந்த நேரம் எவருடையது என்று மட்டும் இருவருமே கேட்பதில்லை.

சிக்கனம் என்ற வாதத்தை முதலில் ஒதுக்கிவிடலாம். வெண்டை விதை ஊன்றிய 45 அல்லது 50 நாட்களில் காய்க்கத் தொடங்கும். நான்கு பைகளில் வளரும் செடிகள் ஒரு நாளில் தரும் காய் ஒருவேளைப் பொரியலுக்குக் காணாது. பையும் மண்ணும் தென்னைநார்க் கழிவும் எருவும் வேப்பெண்ணெயும் வாங்கிய செலவைக் கூட்டிப் பார்த்தால் சந்தைக் காயே மலிவு. உடல்நலம் என்ற வாதத்தில் ஓரளவு உண்மை உண்டு. நச்சு மருந்து தெளிக்காத கீரை நல்லதுதான். ஆயினும் வீட்டில் செய்தவை யாவும் தூயவை என்றும் கொள்ள இயலாது. ஈரக் கரண்டி பட்டால் வீட்டு ஊறுகாயும் பூசணம் பிடிக்கும். பணமும் உடல்நலமும் மட்டுமே பயன் எனில், நேரமில்லாத குடும்பம் இம்முயற்சியைக் கைவிடுவதில் பிழையேதும் இல்லை.

பயன் வேறோரிடத்தில் இருக்கிறது. பகவத் கீதையின் மூன்றாம் அத்தியாயம் உணவையும் மழையையும் வேள்வியையும் செயலையும் ஒரே சக்கரத்தின் ஆரங்களாகக் காட்டுகிறது. நகரத்தில் வாழ்பவர் அச்சக்கரத்தின் கடைசிப் பகுதியாகிய உணவுத் தட்டை மட்டுமே அன்றாடம் காண்கின்றார். உழவும் மழையும் களையெடுப்பும் அவர் கண்ணுக்கு எட்டாத தொலைவில் நிகழ்கின்றன. காணாத ஒன்றுக்கு நன்றி செலுத்துவது கடினம். ஐம்பது நாள் நீரூற்றிய குழந்தை, அச்செடியில் காய்த்த முதல் வெண்டைக்காயைத் தட்டின் ஓரத்தில் ஒதுக்குவதில்லை. ஒரு வார மழையில் தன் தக்காளிச் செடிகள் அழுகக் கண்ட இல்லத்தரசியோ இல்லத்தலைவரோ, கூடைக்காரப் பெண்ணிடம் இரண்டு ரூபாய்க்குப் பேரம் பேச வாய் திறக்கும்போது சற்றே தயங்குவர். அந்தத் தயக்கம் விலைமதிப்பற்றது. நூல்களைப் படித்து அதனைப் பெறுவது அரிது.

பலன் தன் கையில் இல்லை என்பதையும் செடி கற்றுத்தருகிறது. டெல்லியில் குரங்குகள் ஒரே காலையில் தோட்டத்தைச் சூறையாடிவிடும். மும்பையில் ஜூன் முதல் செப்டம்பர் வரை பெய்யும் மழை தொட்டி மண்ணின் சத்தையெல்லாம் கரைத்துச் செல்லும். பெங்களூரின் இதமான பருவத்திலும் மாவுப்பூச்சி வந்தே தீரும். அப்பூச்சியைக் கொல்வது முறையா என்ற கேள்வியும் மென்மனத்தவர்க்கு எழும். அடுப்பு, அம்மி, துடைப்பம், உரல், நீர்க்குடம் ஆகிய ஐந்திலும் இல்லறத்தான் அறியாமலே உயிர்களுக்குத் தீங்கிழைக்கிறான் என்று கண்ட தர்ம சாஸ்திரங்கள், இல்லறத்தைத் துறக்கும்படி அவனுக்குச் சொல்லவில்லை. ஐவகை வேள்விகளை அவனுக்குக் கடமையாக்கின. பிற உயிர்களுக்கு உணவிடுவது அவற்றுள் ஒன்று. கீரையில் ஒரு பங்கைப் புழுவும் அணிலும் உண்டால் பெரிதாகக் கலங்க வேண்டியதில்லை என்பதற்கு இதைவிட நல்ல ஆதாரம் தேடவேண்டியதில்லை.

எனினும் கீதையின் அதே பகுதி மற்றோர் எச்சரிக்கையும் விடுக்கிறது. சக்கரத்திலிருந்து பெற்றுக்கொண்டு, தன் பங்கைத் திருப்பிச் செலுத்தாமல் நுகர்பவனை அது கள்வனாகவே கருதுகிறது. இந்த அளவுகோலை வீட்டுத் தோட்டத்தின் மீதும் ஊறுகாய் ஜாடியின் மீதும் வைத்துப் பார்க்கும்போது சங்கடமான உண்மைகள் சில வெளிப்படுகின்றன.

1910-ஆம் ஆண்டு தென்னாப்பிரிக்காவில் ஜோகன்னஸ்பர்க் நகருக்கு அருகே காந்தியடிகளின் நண்பர் காலன்பாக் அளித்த 1,100 ஏக்கர் நிலத்தில் டால்ஸ்டாய் பண்ணை தொடங்கியது. தமிழ்க் குடும்பங்கள் பலவும் அங்கு வாழ்ந்தன. வேலையாள் எவரையும் அமர்த்தாமல், சமையல் முதல் துப்புரவு வரை அனைத்தையும் அங்கிருந்தோரே செய்தனர். காலன்பாக் கட்டடக்கலைஞர், செல்வத்தில் வாழ்ந்தவர். அவரே ஒரு துறவியர் மடத்துக்குச் சென்று செருப்புத் தைக்கக் கற்று வந்து பிறருக்கும் கற்பித்தார். பிள்ளைகள் தோட்டத்தில் குழி வெட்டினர், மரங்களைப் பேணினர். அவர்களுக்கு ஒரு பாதுகாப்பும் இருந்தது: ஆசிரியர் செய்யாத எந்த வேலையையும் பிள்ளைகளைச் செய்யச் சொல்வதில்லை என்பது பண்ணையின் விதி. கைத்தொழிலைப் போற்றும் எந்த இல்லமும் முதலில் கடன்வாங்க வேண்டிய விதி இதுவே.

இவ்விதி தளர்ந்தால் என்ன நேரும் என்பதற்கும் காந்தியடிகளின் வாழ்விலேயே சான்று கிடைக்கிறது. 1924 டிசம்பரில் பெல்காமில் கூடிய காங்கிரஸ் மாநாட்டுக்கு அவர் தலைமை வகித்தார். அவர் தலைமை ஏற்ற ஒரே காங்கிரஸ் மாநாடு அது. உறுப்பினர் ஒவ்வொருவரும் மாதம் 2,000 கஜம் நூல் அளிக்க வேண்டும் என்ற விதி அங்கு ஏற்கப்பட்டது. நாள்தோறும் அரைமணி நேரம் இராட்டை சுற்றுவோர்க்கு அது எட்டக்கூடிய அளவு என்று கணக்கிட்டிருந்தனர். ஆனால் விதியில் ஒரு சமரசமும் இடம்பெற்றது. நோயாலோ, விருப்பமின்மையாலோ தாம் நூற்காதவர், பிறர் நூற்ற அதே அளவு நூலைக் கொடுத்து உறுப்பினராகலாம். தூய கதர் அணிந்து, தேசத்தொண்டர் என்ற பெயரும் பெற்று, தம் பெயரில் செலுத்தப்பட்ட நூலின் ஓர் இழையைக்கூட ஒருவர் தொட்டிராமல் இருக்க இவ்வழி இடமளித்தது. நூலின் தரத்தில் குறையேதும் இருந்திருக்காது, குறை வேறிடத்தில். மறு ஆண்டே, 1925-இல், நூற்றல் உறுப்பினருக்குக் கட்டாயம் என்ற நிலை மாறியது.

இன்றைய இல்லங்கள் பலவற்றில் ‘வீட்டில் செய்தது’ என்று பெருமையுடன் பரிமாறப்படுவது இத்தகைய நூல்தான். குடும்பத் தலைவர் ஒரு ஞாயிற்றுக்கிழமை சொற்பொழிவு கேட்டு நெகிழ்ந்து, இருபது பைகளும் விதைகளும் வாங்கி வருகிறார். திங்கட்கிழமை முதல் நீரூற்றுபவர் மனைவி. ஆறு மணிக்கு எழுந்தவர் ஐந்தரைக்கு எழத் தொடங்குகிறார். கடை மாவில் சாத்துவிகம் இல்லை என்று நாற்காலியில் அமர்ந்தபடி தீர்ப்புக் கூறப்படுகிறது. அலுவலகத்திலிருந்து திரும்பிய கை இரவு பத்து மணிக்கு அரிசி களைகிறது. களைப்பிலும் மனக்கசப்பிலும் அரைத்த மாவில் எந்தக் குணம் மிகுந்திருக்கும் என்று எவரும் கேட்பதில்லை.

இது மிகைக் கூற்றன்று. தேசியப் புள்ளியியல் அலுவலகம் 2019-ஆம் ஆண்டு நடத்திய நேரப் பயன்பாட்டு ஆய்வின்படி, ஆறு வயதுக்கு மேற்பட்ட பெண்களில் 81.2 விழுக்காட்டினர் ஒரு நாளில் ஊதியமற்ற வீட்டு வேலைகளில் ஈடுபட்டனர், ஆண்களில் 26.1 விழுக்காட்டினரே ஈடுபட்டனர். அவ்வாறு ஈடுபட்ட பெண்கள் சராசரியாக 299 நிமிடங்களும் ஆண்கள் 97 நிமிடங்களும் செலவிட்டனர். ஏற்கனவே ஐந்து மணி நேரம் சுமப்பவர் மீது இன்னும் அரைமணி நேரத்தை ஏற்றிவிட்டு, அதற்கு எளிய வாழ்வு என்று பெயரிடுவது அறமாகாது. செல்வம் மிகுந்த இல்லங்களில் சுமை இன்னும் ஒரு படி கீழே இறங்குகிறது. மாடித் தோட்டத்துக்கு நீரூற்றுபவரும் மாங்காய் நறுக்குபவரும் பணிப்பெண்ணாக இருப்பார். வேலை கூடியிருக்கும்; ஊதியம் கூடியிராது. விருந்தினர் பாராட்டும்போது அவர் பெயர் ஒலிப்பதில்லை.

அப்படியாயின் கைவேலையையே விட்டுவிடலாமா? இராட்டையைப் பற்றி இரவீந்திரநாத் தாகூர் 1925-இல் எழுப்பிய ஆட்சேபம் இங்கு நினைவுகூரத்தக்கது. எல்லோரும் ஒரே வேலையை ஒரே விதமாகச் செய்வது மனத்தை மழுங்கச் செய்யும் என்று அவர் அஞ்சினார். காந்தியடிகள் அதற்குப் பணிவுடன் மறுமொழி எழுதினார். ஆனால் தாகூர் மண்ணை வெறுத்தவரல்லர். சாந்திநிகேதனில் மரம் நடுவதையே 1928-இல் ஒரு விழாவாக்கியவர். அவருடைய ஆட்சேபத்தில் இல்லறத்தார்க்கு ஓர் ஆறுதல் உண்டு. எல்லா வீடும் எல்லாவற்றையும் செய்ய வேண்டியதில்லை. படுக்கையில் கிடக்கும் முதியவரைப் பேணும் வீட்டுக்கு அதுவே வேள்வி. கைக்குழந்தை உள்ள வீடும், இரவுப்பணிக்குச் செல்வோர் உள்ள வீடும் இட்லி மாவை விலைக்கு வாங்கினால் ஒரு தர்மமும் குன்றிவிடாது. ஒருவர் வீட்டுக் கைத்திறன் இன்னொருவருக்குச் சோறிடவும் கூடும். 1959-இல் மும்பை கிர்காம் பகுதியில் ஒரு கட்டடத்தின் மொட்டை மாடியில் ஏழு பெண்கள் 80 ரூபாய்க் கடனுடன் அப்பளம் இடத் தொடங்கினர். லிஜ்ஜத் அப்பளம் என்று நாடறிந்த அக்கூட்டுறவில் பின்னர் பல்லாயிரம் பெண்கள் இணைந்தனர். அந்த அப்பளத்தை வாங்கிப் பொரிக்கும் வீடும் சக்கரத்துக்கு வெளியே நின்றுவிடவில்லை. அதை இட்ட கைகளை ஒரு கணம் நினைத்தால் போதும்.

செய்ய விழையும் குடும்பம் சிறிதாகத் தொடங்கட்டும். இருபது பைகள் வேண்டாம், இரண்டு போதும். ஈர மண் ஒரு கன அடிக்கு 40 கிலோவுக்கு மேல் கனக்கும் என்பதால் மொட்டை மாடிக்கும் அது நல்லது. எந்தச் செடி என்று முடிவுசெய்யும் முன், எவர் என்ன செய்வார் என்று முடிவாகட்டும். நீரூற்றுவது மகன், காய்கறித் தோலை எருவாக்குவது தந்தை, பறிப்பது பாட்டி என்று பெயர் சொல்லிப் பிரித்தபின் விதை வாங்கலாம். பகிர்ந்துகொள்ள ஒருவர் மறுத்தால் பையின் எண்ணிக்கை ஒன்று குறையட்டும். அவ்வேலை ஓசையின்றி அன்னையின் கணக்கில் ஏறலாகாது. பணிப்பெண் உதவினால் அதற்குரிய ஊதியமும் விளைச்சலில் பங்கும் அவருக்கு உரியவை. ஊறுகாய் போடும் நாளில் மாங்காய் வாங்குவது, கழுவித் துடைப்பது, நறுக்குவது, ஜாடியை வெயிலில் காயவைப்பது என்று நான்கு பேருக்கு வேலை உண்டு. நால்வரும் கிடைக்காத ஆண்டில் கடை ஊறுகாயே போதும்.

டெல்லி போன்ற வட நகரங்களில் அக்டோபரில் வெந்தயம் விதைத்தால் ஒரு மாதத்துக்குள் கீரை பறிக்கலாம். அஞ்சறைப் பெட்டியில் இருக்கும் வெந்தயமே விதையாகும். தனியே வாங்க வேண்டியதில்லை. வெண்டைக்கும் சுரைக்கும் அங்கு பிப்ரவரி, மார்ச் ஏற்ற பருவம். மே மாத விடுமுறையில் குடும்பம் ஊருக்குப் புறப்படும்போதுதான் பெரும்பாலான செடிகள் மடிகின்றன. அதற்கு முன்பே எதிர்வீட்டாரிடம் சாவியைக் கொடுத்து, அவர்கள் ஊர் செல்லும்போது இவ்வீட்டார் அவர்களுடைய துளசிக்கு நீரூற்றுவதாக ஏற்பாடு செய்துகொள்ளலாம். அந்த வாரங்களில் காய்ப்பதெல்லாம் எதிர்வீட்டாருக்கு.